கௌன்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் அழுதுவிட்டால்

கேள்வி:

மதிப்புக்குரிய அம்மா,

அட்டனுக்குப் பக்கத்தில் ஒரு பொது நூலகத்தில் நூலக உதவியாளராக இருக்கிறேன். புத்தகம் இரவல் கொடுப்பது, திருப்பி எடுப்பது, பதிவு போடுவது எல்லாம் பழகிவிட்டது. ஆனால் வாசகர்கள் திடீரென்று தங்கள் சொந்த விஷயத்தைச் சொன்னால் என்ன செய்வதென்று யாரும் சொல்லித் தரவில்லை.

போன மாதம் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். அங்கத்தவர் இல்லை. சிங்களத்தில் வந்த கடிதம் ஒன்றை நீட்டி, "வாசிச்சுச் சொல்லு புள்ள" என்றார். இறந்துபோன கணவரின் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) பற்றிய கடிதம். நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். வரிசையில் ஆட்கள் நின்றார்கள். அப்புறம் எங்கள் நூலகர் சேர், "இதெல்லாம் நம்ம வேலை இல்ல" என்றார்.

தினமும் பத்திரிகை வாசிக்க வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மனைவி எடுத்திருந்த புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார். "அவ போயிட்டா மிஸ். பாதிதான் வாசிச்சிருந்தா" என்றார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அது பிழையா?

ஏ.எல். (உயர்தரம்) படிக்கும் ஒரு பிள்ளை நூலகம் மூடும்வரை இருப்பாள். ஒருநாள், "வீட்டுக்குப் போகவே பிடிக்கல மிஸ்" என்றாள். என்ன சொல்வதென்று தெரியாமல் சிரித்து மழுப்பிவிட்டேன். அடுத்த கிழமை அவளுடைய மாமா வந்து, அவள் தினமும் வருகிறாளா, யாரோடு பேசுகிறாள், என்ன புத்தகம் எடுக்கிறாள் என்று கேட்டார். தடுமாறி, "வருவாங்க" என்று மட்டும் சொன்னேன்.

இன்னொருவர் எனக்குச் சொக்லேட் கொண்டுவந்து தருகிறார். இரண்டு தடவை பஸ் நிலையம்வரை பின்னாலேயே வந்தார்.

இரவில் இதெல்லாம் தலைக்குள் ஓடுகிறது. நான் எவ்வளவு தூரம் போகலாம்?

— பெயர் வெளியிட வேண்டாம்

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

நீங்கள் எழுதிய நான்கு பேரில் அந்தப் பிள்ளைதான் எனக்கு அவசரம். அதனால் உங்கள் வரிசையை மாற்றி அவளிடமிருந்தே தொடங்குகிறேன்.

வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை என்று ஒரு ஏ.எல். பிள்ளை சொன்னால், நம்முடைய பக்கத்தில் அதற்குச் சாதாரணக் காரணமும் இருக்கும், பாரதூரமான காரணமும் இருக்கும். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அம்மா அப்பா, தம்பி தங்கச்சி, டீவி, அடுப்புப் புகை எல்லாம் ஒன்றாக இருக்கும். கொப்பியை விரிக்க இடம் கிடையாது. அந்தப் பிள்ளைக்கு உங்கள் நூலகத்தில்தான் ஒரு மேசை இருக்கிறது. அவ்வளவுதான் விஷயமென்றால் மூடும்வரை அவளை நிம்மதியாக இருக்க விடுங்கள், அதுவே பெரிய உதவி. ஆனால் வீட்டில் யாரையோ கண்டு அவள் பயப்படுவதாகவும் இருக்கலாம். அம்மா மத்திய கிழக்கிலோ கொழும்பிலோ வேலைக்குப் போயிருக்க, உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகள் எத்தனை பேர் நம் ஊர்களில்! குடி, அடி, அதைவிட மோசமானது எதுவாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து எதுவென்று நாம் முடிவுகட்ட முடியாது. அவளிடம்தான் கேட்க வேண்டும்.

மழுப்பிவிட்டோமே என்று வருந்திக்கொண்டிருக்க வேண்டாம். திரும்பக் கேட்கலாம். திரும்பக் கேட்டால், தான் சொன்னது இவருக்கு ஞாபகம் இருக்கிறதே என்று பிள்ளைகள் அதிகமாகவே நம்புவார்கள். கதிரையில் எதிரே உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். திரும்பி வந்த புத்தகங்களை அலுமாரியில் அடுக்கும்போது, "இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா?" என்று கூப்பிடுங்கள். கைக்கு ஏதாவது வேலை இருந்து, முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை என்றால் பேச்சு தானாக வரும். "அன்னைக்கு வீட்டுக்குப் போகப் பிடிக்கலன்னு சொன்னீங்க. நான் சரியாக் கேட்கல. படிக்க இடமில்லாததாலயா, இல்ல யாரையாவது நினைச்சுப் பயமா?" அவ்வளவு போதும். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பதில் வர நேரமெடுக்கும்.

அவள் சொல்லத் தொடங்கும்போது, "யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்" என்பாள். கட்டாயம் சொல்வாள். சரி என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். "உங்களுக்கு ஆபத்துன்னா உதவி செய்யக்கூடிய ஒருத்தர்கிட்ட நான் சொல்ல வேண்டி வரும். ஆனா உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்" என்று அப்போதே சொல்லிவிடுங்கள். பிறகு என்ன நடந்தது, எப்போது, எப்படி என்று தோண்ட வேண்டாம். அதை அவள் உத்தியோகத்தரிடமும் வைத்தியரிடமும் திரும்பச் சொல்ல வேண்டி வரும், நம்மிடமும் ஒரு தடவை சொல்லவைப்பது கொடுமை. நம்பினேன் என்று சொல்லுங்கள், அடுத்த ஆளிடம் சேர்த்துவிடுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவள் என்றால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இருக்கிறது, பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். 18ஐத் தாண்டியவள் என்றால் பெண்களுக்கான 1938. பாடசாலையில் அவள் நம்பும் ஒரு டீச்சர் இருந்தால் அவர் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவள் பேச்சில், "இருந்து என்ன பிரயோசனம்" என்பது போல ஏதாவது வந்தால் சுற்றிவளைக்காமல் நேராகவே கேட்க வேண்டும்: "செத்துப்போயிடலாம்னு நினைக்கிறீங்களா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை, கேட்பதால் ஆபத்துக் கூடுவதில்லை, பெரும்பாலும் மனப்பாரம் கொஞ்சம் இறங்கும். ஆம் என்றால் அவளைத் தனியாக பஸ் ஏற்றி அனுப்பாதீர்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இரவு பகல் இயங்குகிறது. உடனே ஆபத்து என்றால் 1990 அம்புலன்ஸ், அல்லது கிட்ட இருக்கும் ஆஸ்பத்திரி. பொலிஸ் வழக்காகிவிடும் என்று குடும்பங்கள் இன்னும் மறைக்கின்றன. தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றம் இல்லை. இதைத் தெரிந்து வைத்திருங்கள், சொல்ல வேண்டிய நேரம் வரும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: உங்கள் வீட்டுக்கோ போடிங்குக்கோ அவளைக் கூட்டிப்போவது. மனம் சொல்லும். ஆனால் மறுநாள் கதை வேறு விதமாகத் திரும்பி, அவளுக்கு நூலகமும் இல்லாமல் போய்விடும்.

இனி அந்த மாமா. உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போன இந்த இடம்தான், என் அபிப்பிராயத்தில், நம் தொழிலின் நடுமையம்.

ஒரு வாசகர் வந்தாரா, யாரோடு பேசினார், என்ன எடுத்தார் என்பதை நூலகத்தில் இருப்பவர் வெளியே சொல்லக்கூடாது. இஃப்லா என்கிற சர்வதேச நூலகச் சம்மேளனம் 2012இல் வெளியிட்ட ஒழுக்கக்கோவையிலும் வாசகருக்கும் நூலகத்துக்கும் இடையில் இருப்பது இரகசியம் காக்க வேண்டிய உறவு என்று இருக்கிறது. ஆனால் இதைப் புரிந்துகொள்ள நமக்குக் கோவை தேவையில்லை. மேட்டு லயத்தில் தும்மினால் பணிய லயத்தில் கேட்கிற ஊர் நம்முடையது. பஸ் கொண்டக்டருக்கு அவளைத் தெரியும், கடை முதலாளிக்கு அவள் அப்பாவைத் தெரியும். "லைப்ரரிக்குப் போறேன்னு சொல்லிட்டு யாரையோ பார்க்கப் போறா" என்று ஒரு பேச்சுக் கிளம்பினால், பரீட்சைக்கு முன்பே படிப்பு நின்றுபோகும். "இன்னைக்கு வரலையே" என்று நீங்கள் அப்பாவித்தனமாகச் சொல்லும் ஒரு சொல், அன்று இரவு அவள் முதுகில் விழலாம்.

ஆகவே ஒரே பதிலை வைத்துக்கொள்ளுங்கள்: "வாசகர் யார் வந்தார், என்ன எடுத்தார் என்று நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை ஐயா. அவசரமென்றால் எழுதித் தாருங்கள், வந்தால் கொடுக்கிறேன்." மரியாதையான குரல், அதே வார்த்தைகள். நல்ல மனிதர் கேட்டாலும் இதுதான், தோட்டத் தலைவர் கேட்டாலும் இதுதான், கோயில் ஐயா கேட்டாலும் இதுதான். ஒருவருக்குச் சொல்லி இன்னொருவருக்கு மறுத்தால், மறுப்பதிலிருந்தே ஏதோ இருக்கிறதென்று ஊகித்துவிடுவார்கள். பொலிஸார் கேட்டால் நூலகரிடம் அனுப்புங்கள், எழுத்தில் வரட்டும். அந்த மாமா வந்து விசாரித்ததைப் பிள்ளையிடம் சொல்லுங்கள், அவளுக்குத் தெரிய வேண்டும். அவள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்தாலே, மேலே நான் கேட்கச் சொன்ன கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

இரவல் பதிவேட்டையும் கவனியுங்கள். கௌன்டரில் திறந்தபடி கிடந்தால், கையெழுத்துப் போடுகிற ஒவ்வொருவரும் மேலே உள்ள பத்துப் பேர் எடுத்ததை வாசித்துவிட்டுப் போவார்கள். இன்னொன்று: உடல்கூறு, மனநோய், குடிப்பழக்கம் பற்றிய புத்தகங்கள் கௌன்டருக்கு நேரெதிரே இருந்தால் யாரும் கை வைக்க மாட்டார்கள். அவை வரலாற்று அலுமாரிக்குப் பின்னால் செருகிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். யாரோ ஒளிந்து வாசித்துவிட்டுத் திருப்பி வைக்கப் பயந்திருக்கிறார்கள். அந்த அலுமாரியை நம் பார்வை விழாத மூலைக்கு மாற்றினால், கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் தாங்களே எடுத்துக்கொள்வார்கள்.

கடிதம் கொண்டுவந்த அம்மாவின் விஷயத்தில், உங்கள் நூலகர் சேர் சொன்னதில் பாதி சரி. ஈ.பி.எப். காசை எடுத்துக் கொடுப்பது நம் வேலை இல்லை. ஆனால் எழுத்தில் இருப்பதை வாசிக்க முடியாதவருக்கு வாசித்துச் சொல்வது நூலகத்தின் வேலை இல்லையென்றால், வேறு எங்கே போவது? அங்கத்தவராக இருக்க வேண்டுமென்றும் இல்லை. உசாத்துணைப் பகுதி எல்லோருக்கும் பொது.

அதை எப்படிச் செய்வதென்று சொல்கிறேன். கௌன்டரில் நின்றபடி வாசிக்காதீர்கள். காலையில் பிள்ளைகள் பாடசாலையில் இருப்பார்கள், சிறுவர் பகுதி காலியாக இருக்கும். அங்கே உட்காரவைத்து, "பத்து நிமிஷத்தில வாறேன் அம்மா" என்று சொல்லிவிட்டு வரிசையை முடியுங்கள். முதலில் நீங்கள் மௌனமாக ஒருமுறை வாசியுங்கள், உள்ளே கெட்ட செய்தி இருந்தால் உங்கள் குரல் தடுமாறாமல் இருக்கும். பிறகு உள்ளதை உள்ளபடி தமிழில் சொல்லுங்கள். ஆறுதலுக்காக ஒன்றைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். "கட்டாயம் கிடைச்சிரும்" என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. அப்புறம் ஒரு துண்டுக் கடதாசியில் தமிழில் பெரிதாக எழுதிக் கொடுங்கள்: எந்த அலுவலகம், கடைசித் திகதி என்ன, எதையெல்லாம் கொண்டுபோக வேண்டும். அந்த அம்மாவுக்கு அது பெரும்பாலும் கணவரின் மரணச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், இருவரின் அடையாள அட்டை, ஈ.பி.எப். அங்கத்துவ இலக்கம்.

நம் ஆட்களுக்கு எப்போதும் சிக்கல் வருவது பெயரில். தோட்டத்துப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, விவாகச் சான்றிதழில் இன்னொன்று. காசு ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடப்பது பலருக்கு இதனால்தான். மூன்று பத்திரத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் அந்தத் துண்டிலேயே குறித்துவிடுங்கள். சத்தியக் கடதாசி தேவையா என்பதைத் தொழில் அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். வழக்குவரை போகும் போலிருந்தால், வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவுகிறது. இன்னும் ஒன்று, 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் ஆட்சி மொழியானது. அந்த அம்மா அலுவலகத்துக்கு எழுதும் பதிலின் அடியில், "இனிவரும் கடிதங்களைத் தமிழில் அனுப்பவும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கேட்கிறவர்கள் கூடக்கூடத்தான் அது நடக்கும்.

சாட்சிக் கையெழுத்துப் போடாதீர்கள். கடிதத்தையோ பிரதியையோ உங்கள் லாச்சியில் வாங்கி வைக்காதீர்கள். சொந்தப் போன் நம்பர் கொடுக்காதீர்கள், நூலக நம்பர் போதும். ஒரு அம்மாவுக்குக் கொடுத்தால் நாளைக்கு அந்த டிவிஷனுக்கே கொடுத்தது போலத்தான். பாவம், அவர்கள் பிழை இல்லை, கேட்க வேறு ஆள் இல்லாத குறை. ஆனால் நீங்கள் ஒரு ஆள்.

அவர் கையைப் பிடித்து அழுதபோது நீங்கள் கையை இழுக்கவில்லையே? அது போதும். "அழாதீங்க" என்று சொல்லவும் வேண்டாம். கணவர் போன வீட்டில் பிள்ளைகள் முன்னால் அழாமல் அடக்கிக்கொண்டு இருந்திருப்பார், கடிதத்தில் அவர் பெயரை யாரோ வாசிக்கக் கேட்டதும் உடைந்திருக்கும். ஒரு கோப்பைத் தண்ணீர் கொடுங்கள், அவர் முடிக்கும்வரை இருங்கள்.

ஆசிரியரின் முன்னால் உங்களுக்கு அழுகை வந்தது பிழை இல்லை, தங்கச்சி. அவர் அந்தப் புத்தகத்தை ஒரு பிள்ளையிடம் கொடுத்தனுப்பியிருக்கலாம். தானே கொண்டுவந்தார், பாதிதான் வாசித்திருந்தாள் என்று சொன்னார். மனைவி எந்தப் பக்கத்தில் நிறுத்தினார் என்பதை ஒரு ஆளிடமாவது சொல்ல வேண்டியிருந்திருக்கிறது, அதற்கு உங்களைத் தேர்ந்திருக்கிறார். நம் அழுகை அவர் அழுகையைவிடப் பெரிதாகி, அவர் நம்மைத் தேற்ற வேண்டிய நிலை வந்தால்தான் கொஞ்சம் விலகிப் போய் முகம் கழுவிக்கொண்டு வர வேண்டும். வேறொன்றுமில்லை. அந்தப் புத்தகத்தை அவர் கண்முன்னாலேயே அடுத்த ஆளுக்கு இரவல் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே ஏதாவது கடதாசித் துண்டு, கொழுந்துச் சிட்டை, பஸ் டிக்கட் அடையாளமாக வைத்திருந்தால் எடுத்து அவரிடம் கொடுங்கள். மனைவியின் அட்டையை ரத்துச் செய்யும் வேலை அவர் இல்லாத ஒரு நாளில் நடக்கட்டும். தாமதத்துக்குத் தண்டப்பணம் இருந்தால், அது நூலகத்தை நடத்தும் உள்ளூராட்சிச் சபையின் வருமானம் என்பதால் நீங்களாக மன்னிக்க முடியாது. நூலகரிடம் சொல்லி ஒரு குறிப்போடு விலக்கு எடுங்கள். கைக்காசைப் போட்டுச் சமாளிக்கிறவர்கள் உண்டு. நல்ல மனசுதான், ஆனால் அது ஒரு தடவையோடு நிற்பதில்லை.

அவர் இனித் தினமும் கௌன்டரில் நின்று அரை மணித்தியாலம் பேசலாம். கொஞ்ச நாளைக்குப் பேசட்டும். கருமாதி முடிந்து, உறவுகள் எல்லாம் போனபிறகுதான் வீடு உண்மையில் காலியாகும். வேலை இருக்கும்போது, "சேர், இதை முடிச்சிட்டு வந்து கேட்கிறேன்" என்று சொன்னால் ஒரு ஆசிரியருக்கு அது புரியும். சொன்னால் போய்க் கேட்கத்தான் வேண்டும். ஒக்டோபர் வாசிப்பு மாதம் வரும்போது, சிறுவர் பகுதியில் ஒரு சனிக்கிழமை கதை வாசிக்க வருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். மறுத்தால் வற்புறுத்த வேண்டாம்.

சொக்லேட் கொண்டுவருகிற ஆளைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. இவர் மற்ற மூவரைப் போல இல்லை. அவர்கள் தங்கள் பாரத்தைக் கொண்டுவந்தார்கள், இவர் உங்கள்மேல் ஒரு பாரத்தை வைக்கிறார். வாங்காதீர்கள். "நூலகத்தில் ஒன்றும் வாங்க எங்களுக்கு அனுமதி இல்லை" என்று இன்னொருவர் காதில் விழும்படி சொல்லுங்கள். பின்னால் வந்த நாட்களையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் குறியுங்கள், இன்றே நூலகரிடம் சொல்லுங்கள், கொஞ்ச நாளைக்குத் துணையோடு பஸ் நிலையம் போங்கள். திரும்பவும் வந்தால் 1938க்குச் சொல்லுங்கள், பொலிஸ் நிலையத்தில் சிறுவர், மகளிர் பணியகத்திலும் முறைப்பாடு செய்யலாம். பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவில் குற்றம். நீங்கள் சிரித்துப் பேசியதால்தான் இப்படி வந்தது என்று யாராவது சொன்னால், காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். வாசகரிடம் முகம் கொடுத்துப் பேசுவது உங்கள் வேலை.

எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். நூலகத்துக்குள் நடக்கக்கூடியதை முழு மனதோடு செய்யுங்கள்: கேட்பது, வாசிப்பது, தேடிக் கொடுப்பது, அடுத்த கதவு எதுவென்று காட்டுவது. நூலகத்துக்கு வெளியே நடக்க வேண்டியதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் வரை. ஒருநாள் நேரில் போய் அவர்களைப் பார்த்து, பெயரும் நேரடி நம்பரும் வாங்கி வாருங்கள். "பிரதேச செயலகத்துக்குப் போங்க" என்று அனுப்புவதற்கும், "இரண்டாம் மாடியில் இன்ன மிஸ் இருப்பாங்க, நான் போன் பண்ணிச் சொல்லியிருக்கேன்" என்று அனுப்புவதற்கும் நிறைய வித்தியாசம். முதல் வகையில் பாதிப்பேர் வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

இரவில் தலைக்குள் ஓடுகிறதே, அதை வீட்டில் சொல்லித் தீர்க்க முடியாது. வீட்டில் சொன்னால் அது ஊருக்கும் போய்விடும். வேறு ஊரில் நூலகத்தில் இருக்கும் ஒரு நண்பி இருந்தால், பெயரும் இடமும் இல்லாமல் அவரிடம் பேசுங்கள். ஒரு மாதமாகியும் நித்திரை வராவிட்டால் அதே உளவளத்துணை உத்தியோகத்தரை உங்களுக்காகவும் பார்க்கலாம்.

நூலகர் சேரோடு வாதாடப் போகாதீர்கள். அவர் பயப்படுவது வரிசை நிற்பதையும், நாளைக்கு ஏதாவது பிரச்சினை வந்தால் சபைக்குப் பதில் சொல்ல வேண்டி வருவதையும்தான். அவரிடம் கேட்க வேண்டியது மூன்றே விஷயம்: சிறுவர் பகுதியில் பெரியவர் உட்காரக்கூடிய ஒரு கதிரை, காலையில் ஒரு மணித்தியாலம் கடிதம் வாசித்துக் கொடுக்க அனுமதி, வாசகர் விபரம் வெளியே சொல்வதில்லை என்று அவர் கையெழுத்தோடு ஒரு அறிவித்தல். மூன்றாவதைக் கௌன்டரில் ஒட்டிவிட்டால் அடுத்த முறை மாமா வரும்போது நீங்கள் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்காது. ஆனால் பிள்ளையோடு பேசுவதை அந்த அனுமதிகள் கிடைக்கும்வரை தள்ளிப்போடாதீர்கள். அவள் அடுத்து வரும் நாளிலேயே பேசுங்கள்.